மாடியில் அரிசி வச்சா வரித்தலை வாத்து வருமா?

திருப்பூர்:
பனிக்காலம் வந்தாலே மண்ணரை அருகே, ஊத்துக்குளி ரோடு பக்கம் உள்ள நஞ்சராயன் குளத்துக்கு வெளிநாட்டுப் பறவைகள் படையெடுக்கும். இதில் வரித்தலை வாத்துதான் 'ஸ்டார்'. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையையே தாண்டி வரும் கில்லாடி இது. வெள்ளைத் தலையில் 2 கருப்புப் பட்டை இருக்கும்.

மொட்டை மாடியில் அரிசி, தண்ணி வச்சா காக்கா, மைனா வரும். நல்லதுதான். ஆனா இந்த விருந்தாளிகள் எட்டிக்கூட பார்க்காது. வாத்துக்கு கரையோரப் புல் வேணும். உள்ளான் குருவிக்கு சேத்துக்குள் இருக்கும் புழு, பூச்சிதான் சாப்பாடு. குளம் நிறைஞ்சு தளும்பினாலும் அதுக்குப் பட்டினிதான். ஓரத்தில் சேறு தெரியணும். அந்தச் சேத்தில் பிளாஸ்டிக் கவரும் பனியன் வேஸ்ட்டும் கொட்டினால் அதன் இலையில் மண்ணைப் போட்ட மாதிரி.

2022-ல் தமிழகத்தின் 17-வது பறவைகள் சரணாலயமான இந்தக் குளம், 2024-ல் சர்வதேச ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பார்க்க நினைப்பவர்கள் ஷிப்ட்டுக்கு முன்னாடி, விடியக்காலையில் போவது நல்லது.