பழைய பாதையும் புதிய தண்டவாளமும்

மடு வீதிப் புகையிரத நிலையத்திலே நின்று மன்னார்ப் பக்கம் நோக்குவோர், அங்குள்ள தண்டவாளம் அண்மைக் காலத்தில் இடப்பட்டதென்பதை எளிதில் உணர்வர். 1914ஆம் ஆண்டில் தலைமன்னார் வரை திறக்கப்பட்ட அவ்விருப்புப்பாதையிலே, போரின் காரணமாக 1990இல் வண்டிகள் நின்றன. பின்னர் பாதையும் அழிந்தது. 2013ஆம் ஆண்டு மே மாதம் மடு வரையும், 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தலைமன்னார் வரையும் அது மீண்டும் திறக்கப்பட்டது. தண்டவாளம் புதிது; சமிக்ஞை புதிது. ஆயினும் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் மட்டும் பழைய 5 அடி 6 அங்குலமே. அவ்வகலத்தை மாற்றியிருப்பின், கொழும்பிலிருந்து வரும் வண்டி மதவாச்சிக்கு அப்பால் ஓரடியும் நகர்ந்திராது.

பழையதொன்றைப் புதுக்குவோர் எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்னும் வினாவிற்கு இதுவே தக்க விடையாகும். அவ்வினா கணினித் துறையிலும் எழுந்தது. டொஸ் என்னும் பழைய பணிசெயல் முறைமையைப் புதிய கணினிகளுக்கு ஏற்பப் புதுக்கிய வரலாற்றைத் தமிழாசிரியனாகிய யான் அறிந்த அளவிலே இங்கு விளக்க முயல்கின்றேன்.

முதலிற் பணிசெயல் முறைமை யாது என்பதை நோக்குவாம். வகுப்பாசிரியர் ஒருவருக்கு வெண்கட்டி வேண்டுமாயின் அலுவலகத்திற் கேட்டுப் பெறுவார். அது எக்கடையில் வாங்கப்பட்டது என ஆராய்வதில்லை. கடை மாறினும் அவர் கேட்கும் முறை மாறாது. இவ்வலுவலகத்தைப் போன்றதே பணிசெயல் முறைமை. ஒரு புறம் மென்பொருள்கள் அதனிடம் உதவி கேட்கும். மறு புறம் அது வன்பொருளை ஏவி வேலை கொள்ளும்.

1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதிற் பெருவழக்குப் பெற்ற பணிசெயல் முறைமை டொஸ் ஆகும். டிம் பற்றர்சன் என்பார் 1980இல் ஆக்கிய முறைமையொன்றை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விலைக்கு வாங்கித் திருத்தியதே அது. யான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், மூலையில் ஒதுக்கப்பட்டிருந்த ஒரு பழங்கணினியில் அதனை முதன்முதற் கண்டேன். படமுமில்லை, சுட்டியுமில்லை. கருந்திரையில் ஓரெழுத்தும் அதன் அருகே மின்னும் சிறு கோடும் தோன்றி, நமது கட்டளைக்காகக் காத்து நின்றன. கட்டளையைப் பிழையற எழுதினாலன்றி அக்கணினி அசையாது. எழுத்துப்பிழையைச் சிறிதும் பொறாத அவ்வியந்திரத்தின்மீது எனக்கு அன்றே மதிப்பு உண்டாயிற்று!

டொஸ் தன் காலத்து வன்பொருளின் அளவுக்கே தைக்கப்பட்ட சட்டை. அக்கணினியின் 8088 என்னும் செயலி ஒரு மெகாபைற் நினைவகத்தையே எட்டவல்லது. அதில் 640 கிலோபைற் மென்பொருள்களுக்கும், எஞ்சியது திரை முதலியவற்றுக்கும் என ஒதுக்கப்பட்டது. வன்தட்டை அணுகும் பழைய முறையோ ஏறத்தாழ 8.4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட இடத்தை அறியாது. இன்று மாணவர் சட்டைப் பையிற் கொண்டு திரியும் விரலளவான நினைவுக் குச்சியே அதனிற் பன்மடங்கு பெரிது.

தனித்து விற்கப்பட்ட டொஸின் இறுதிப் பதிப்பாகிய 6.22ஐ மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 1994இல் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் நோக்கம் அப்பொழுதே விண்டோஸின்பாற் சென்றிருந்தது. அதே ஆண்டு ஜூன் 29ஆம் நாள், அமெரிக்காவிலே பௌதிகவியல் பயின்றுகொண்டிருந்த ஜிம் ஹோல் என்னும் மாணவர், யாவருக்கும் உரிய டொஸ் ஒன்றைத் தாமே ஆக்கப்போவதாக அறிவித்தார். பற் விலானி என்பார் தாம் முன்னரே எழுதியிருந்த கருப்பகுதியை அதற்கு வழங்கினார். பிறரும் கைகொடுத்தனர். ஃபிரீடொஸ் எனப் பெயர் பெற்ற அம்முறைமையின் முதற் பதிப்பு 2006இலும், 1.4 என்னும் பதிப்பு 2025இலும் வெளிவந்தன.

அவர்கள் மாற்றாது காத்தது யாது? மென்பொருள்கள் டொஸிடம் உதவி கேட்கும் முறையே அது. ‘கோப்பைத் திற', ‘எழுத்தைக் காட்டு' என்றவாறான வேண்டுகோள்கள் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அவ்வெண்களும் அவற்றிற்குரிய விடைகளும் முன்போலவே இருத்தல் வேண்டும். இதுவே டொஸின் 5 அடி 6 அங்குலம். அதன் கீழுள்ளவற்றை அவர்கள் தயங்காது மாற்றினர். பெரிய வன்தட்டுகளை அணுகும் புதிய முறை சேர்க்கப்பட்டது. ஒரு மெகாபைற்றுக்கு அப்பாலுள்ள நினைவகத்தைப் பயன்படுத்தும் துணை நிரல்கள் இணைக்கப்பட்டன.

எனினும் எல்லாத் தடைகளும் பணிசெயல் முறைமையில் மட்டும் உள்ளனவல்ல. டேர்போ பஸ்கால் என்னும் மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் பல, கணினி வேகமாக இருந்தமையாலேயே இயங்க மறுத்தன! செயலியின் வேகத்தை அறிய, கடிகாரத்தின் ஒரு துடிப்பாகிய 55 மில்லிசெக்கனில் எத்தனை சுற்றுகள் எண்ண முடிகின்றது என அவை கணக்கிட்டு, அதனை 55ஆல் வகுக்கும். ஈவு 65,535க்கு மேற்படலாகாது. 200 மெகாஹெர்ட்ஸ் அளவைக் கடந்த செயலிகளில் ஈவு அவ்வெல்லையை மீறியது. நிரலும் ‘பிழை 200' எனக் கூறி நின்றது. இவ்வளவு வேகம் வருமென எழுதியவர் எண்ணவில்லை போலும்.

இன்னுமொரு தடை உண்டு. கணினியை எழுப்பித் திரை, விசைப்பலகை, தட்டு ஆகியவற்றை இயக்கித் தரும் பயோஸ் என்னும் அடித்தளத்தையே டொஸ் நம்பி நின்றது. பழைய பயோஸ் ஆதரவை 2020ஆம் ஆண்டளவில் நீக்கும் எண்ணத்தை 2017இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்டது. அவ்வாதரவு நீங்கிய கணினியில் டொஸ் நேரே எழாது. ஆகவே புதிய கணினிக்குள்ளே, மென்பொருளால் ஆன பழங்கணினி ஒன்றைப் படைத்து, அதனுள் டொஸை இயக்குகின்றனர்.

இத்துணைப் பாடும் எதற்கு எனச் சிலர் வினவலாம். அதற்கு விடையாக யான் கண்டதொன்றைக் கூறுவேன். இடப்பெயர்விலே தம் பத்திரங்கள் அனைத்தையும் இழந்த பழைய மாணவர் ஒருவர், தாம் படித்தமைக்குச் சான்று கேட்டு ஒரு பாடசாலைக்கு வந்தார். பதிவேடு அழிந்துவிட்டது. அலமாரியில் ஐந்து நெகிழ்தட்டுகள் மட்டும் இருந்தன. அவற்றுள் இரண்டைப் படிக்க முடிந்தது. பெயர்ப்பட்டியற் கோப்பும் கிடைத்தது. ஆனால் திறந்தபோது பொருளற்ற குறிகளே நிரம்பியிருந்தன.

டொஸ் காலத்திலே தமிழுக்குப் பொதுவான குறியீடு இல்லாமையே இதன் காரணம். ஒரு பைற்றில் அடங்குவன 256 குறிகளே. அவற்றுட் பின்பாதியில், தமிழ் மென்பொருள் செய்தோர் தத்தமக்கு ஏற்றவாறு தமிழெழுத்துகளை அமைத்தனர். ஒருவர் ‘க'கரம் வைத்த இடத்திலே மற்றவர் ‘ம'கரம் வைத்திருக்கக்கூடும். 1991இல் யுனிக்கோட் தமிழுக்கெனத் தனியிடம் வகுத்த பின்னரும், பழைய எழுத்துருக்கள் பல ஆண்டுகள் வழங்கின. நல்வாய்ப்பாக அத்தட்டிலேயே அப்பழைய தமிழ் மென்பொருளும் இருந்தது. நண்பர் ஒருவர் ஃபிரீடொஸில் அதனை இயக்கினார். கருந்திரையிலே தமிழெழுத்துகள் தோன்றின. பட்டியலின் நடுவே அம்மாணவரின் பெயரும் தோன்றிற்று. அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆகவே பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளிலே பழைய நெகிழ்தட்டுகள் இருப்பின் அவற்றை எறிந்துவிடாதீர்கள். காந்தப்பூச்சு அழியுமுன் படி எடுப்பித்து வையுங்கள். கோப்புடன் அதனைத் திறக்கும் மென்பொருளையும் சேர்த்துக் காப்பாற்றுங்கள். மாணவர்களே, இனி எழுதுவனவற்றை யுனிக்கோட்டில் எழுதுங்கள். இம்மலருக்கும் அவ்வாறே ஒரு படி வைத்தல் நன்று.

விழாக் காணும் இக்கல்லூரியிலும் கட்டடங்கள் மாறும், பாடத்திட்டம் மாறும், கற்பிக்குங் கருவிகளும் மாறும். ஆசிரியனை நம்பி மாணவன் கேட்கும் வினாவும், அதற்கு உண்மையான விடை தரும் கடமையும் மாறாதிருக்கக் கடவன. அவ்வகலம் மாறாதவரை இப்பாதையில் எத்தலைமுறையின் வண்டியும் ஓடும்.