செல்லின் சுண்ணாம்புக் கணக்கு

தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்துக் குழிந்து அழுகக் கண்ட உழவர், பூச்சியின் வேலை என்றெண்ணி மருந்து தெளிப்பதுண்டு. உண்மையில் அது காய்க்குக் கால்சியம் எட்டாமையால் நேரும் கேடு. மண்ணில் சுண்ணாம்புச் சத்து நிறைந்திருக்கையிலும் இது தோன்றுவதுதான் விந்தை.

காரணம் பயண வழியில் உள்ளது. வேர் உறிஞ்சும் கால்சியம் சைலம் குழாய்களில் நீரோடு மேலேறுகிறது. நீராவிப்போக்கு மிகுந்த இலைகளுக்கே அந்நீர் விரைகிறது. மெழுகுத்தோல் போர்த்த காய்க்குச் சிறுபங்கே கிட்டுகிறது. இலையில் சேர்ந்துவிட்ட கால்சியம் புளோயம் வழியே காய்க்குத் திரும்புவதும் மிக அரிது. ஆதலின், உரத்தைக் கூட்டுவதினும் ஒழுங்காக நீர் பாய்ச்சுவதே பெரும்பாலும் தக்க மருந்தாகும்.

செல்லுக்குள் நிலைமை இன்னும் நுட்பமானது. செல்சுவரில் பெக்டினைப் பிணைத்து உறுதி தருவது கால்சியம். அதுவே சைட்டோபிளாசத்தில் பெருகினால் பாஸ்பேட்டுடன் கூடிப் படிந்துவிடும். பாஸ்பேட் இன்றேல் ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. ஏது? ஆகவே அங்குக் கட்டற்ற கால்சியத்தின் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.1 மைக்ரோமோல் மட்டுமே. செல்சுவரிலும் வாக்குவோலிலும் இருப்பதோ இதனினும் ஆயிரக்கணக்கான மடங்கு.

இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிலைப்பதன்று. சவ்விலுள்ள புரதப் பம்புகள் ஏ.டி.பி.யைச் செலவிட்டுக் கால்சியத்தை வெளியேற்றுகின்றன. வாக்குவோல் சவ்வின் மாற்றிகள் புரோட்டானை வெளிவிட்டுக் கால்சியத்தை உள்வாங்குகின்றன. சில தாவரங்களில் மிகுதியானது ஆக்சலேட் படிகமாகிறது. சேப்பங்கிழங்கை நறுக்குகையில் கை அரிப்பது பெரிதும் அவ்வூசிப் படிகங்களின் கைவரிசையே.

இவ்வாறு பாடுபட்டு விலக்கி வைப்பதில் ஒரு நன்மையும் உண்டு. அமைதி நிலவும் கூடத்தில் மெல்லிய செருமலும் கேட்குமன்றோ? குளிரோ தொடுகையோ தாக்கியதும் சவ்வின் வாயில்கள் திறக்க, உட்புகும் சிறிதளவு கால்சியமே செய்தியாகிறது. கால்மாடுலின் என்னும் புரதம் நான்கு கால்சியம் அயனிகளைப் பற்றி, உருமாறி, பிற புரதங்களை ஏவுகிறது. பின்னர்ப் பம்புகள் மிகுதியை அப்புறப்படுத்துகின்றன.

1991-இல் மார்க் நைட் குழுவினர், சொறிமீனின் ஒளிர்புரதமாகிய ஈக்குவோரினைப் புகையிலை இனச் செடியில் உண்டாக்கினர். தொட்டபோதும் குளிர் பட்டபோதும் அச்செடி ஒளி உமிழ்ந்ததைக் கருவிகள் பதிவு செய்தன. 2018-இல் மசாட்சுகு டொயோட்டா, சைமன் கில்ராய் முதலியோர், புழு கடித்த இலையிலிருந்து கால்சியம் அலையொன்று நொடிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வேகத்தில் பிற இலைகளுக்குப் பரவுவதைப் படம்பிடித்துக் காட்டினர். அவ்வலையைத் தூண்டுவது குளூட்டமேட். நம் மூளையில் நரம்புச் செய்தி கடத்தும் அதே பொருள், நரம்பே இல்லாத உயிரில்! அலை எட்டிய இலைகளில் ஜாஸ்மோனிக் அமிலம் பெருகி, புழு வந்து சேருமுன்னரே தற்காப்பு தொடங்கிவிடுகிறது.