வாடகைக்கு வந்த ராணுவம்

1962 அக்டோபரில் சீனப் படைகள் எல்லை தாண்டின. நாடெங்கும் நெருக்கடி நிலை. சண்டை நவம்பரிலேயே ஓய்ந்துவிட்டது. ஆனால் அதன் பெயரால் 1963இல் பெங்களூர் பையப்பனஹள்ளியில் ராணுவத் தேவைக்காக எடுக்கப்பட்ட தனியார் நிலத்தை மீட்க, உரிமையாளர்கள் 2020 வரை போராட வேண்டியிருந்தது.

இதில் சூட்சுமம் ஒன்று உண்டு. அரசு நிலத்தை இரண்டு விதமாக எடுக்கலாம். கையகப்படுத்தினால் விலை கொடுத்து வாங்கியதாக அர்த்தம். தற்காலிகத் தேவைக்கு எடுத்தால் உரிமை பழைய சொந்தக்காரரிடமே இருக்கும். அரசு ஏறக்குறைய குடித்தனக்காரர்தான். 1952ஆம் ஆண்டின் சட்டப்படி அந்த இடம் என்ன வாடகைக்குப் போகுமோ அதை நஷ்ட ஈடாகத் தர வேண்டும். சேதம் ஏற்பட்டால் அதற்கும் பணம். தொகையில் உடன்பாடு இல்லையென்றால், உயர் நீதிமன்ற நீதிபதியாகும் தகுதியுள்ள ஒருவர் மத்தியஸ்தராக விசாரித்து முடிவு செய்வார்.

காகிதத்தில் நேர்த்தியான ஏற்பாடு. பையப்பனஹள்ளி நிலம் தற்காலிக ரகம். அப்படி வைத்திருப்பதற்கான சட்ட அனுமதி 1987 மார்ச்சோடு காலாவதியானது. குடித்தனக்காரர் மட்டும் காலி செய்யவில்லை!

நிலம் தனக்கே சொந்தம் என்றுகூட மத்திய அரசு வாதாடிப் பார்த்தது, எடுபடவில்லை. விசித்திரம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நடந்தது. அக்கம்பக்கத்து நிலங்கள் ராணுவத்திடம் இருப்பதைக் காரணம் காட்டி, நிலத்தைத் திருப்பித் தர உத்தரவிட அது மறுத்தது. முறைப்படி கையகப்படுத்த அரசுக்குக் கெடுவே இல்லாத அவகாசமும் கொடுத்தது. அதாவது, சொந்தக்காரர் நீங்கள்தான், ஆனால் உள்ளே போக முடியாது.

ராணுவத்துக்கு நிலம் தேவை என்பதை யாரும் மறுக்கவில்லை. தேவையென்றால் விலை கொடுக்க வழி இருக்கிறது. அருணாச்சலப் பிரதேசத்தின் போம்ஜா கிராமத்தில், தவாங் படைத்தளத்துக்காக எடுத்த 200 ஏக்கருக்கு 2018 பிப்ரவரியில் 31 குடும்பங்களுக்கு 40.8 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. 29 குடும்பங்களுக்குத் தலா சுமார் 1.09 கோடி. ஒரு குடும்பத்துக்கு 6.73 கோடி. சீன எல்லையை ஒட்டிய குக்கிராமத்தில் முடிந்த காரியம், நிலத்தின் மதிப்பு விண்ணைத் தொடும் பெங்களூரில் முடியவில்லை.

2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசின் நிலையை ஏற்கவில்லை. 1978ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகள் பட்டியலிலிருந்து நீக்கியது உண்மைதான். ஆனாலும் சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது 300ஏ பிரிவு. சட்ட அனுமதி தீர்ந்த பிறகு கடந்த 33 ஆண்டுகள், இந்தியாவிலும்கூட நீண்ட காலம்தான் என்றார் நீதிபதி எஸ். ரவீந்திர பட். நிலத்தைத் திருப்பித் தர அரசுக்குக் கிடைத்த அவகாசம் மூன்று மாதம்.