கூர்மையும் செம்மையும்: தொடுதிரை இரைச்சலை வெல்லும் வகை

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் வகுக்கப் புகுந்தபோது, தொட்டறியும் அறிவையே முதலாவதாக வைத்தார். புல்லுக்கும் மரத்துக்கும் உரியதென அவர் கூறிய அவ்வறிவு இன்று கண்ணாடித் தகட்டுக்கும் வாய்த்திருக்கின்றது. கைத்தொலைபேசியின் தொடுதிரை அதற்குச் சான்று.

எனினும், இறக்கக்கண்டிக் களப்பில் இறால் பிடிப்போரும், கடலில் வலை இழுப்போரும் இத்திரையை முழுதும் நம்புவதில்லை. ஈரக்கை பட்டால் தொடாத எண் விழுகின்றது. காய்த்துப்போன விரல் பட்டால் தொட்ட எண்ணும் விழுவதில்லை. மின்னேற்றும் வேளையில் திரை தானாகவே துள்ளுகின்றது. “எங்கள் கை இதற்குச் சரிவராது” என்று முதியோர் தம்மையே நொந்துகொள்வதுமுண்டு. குற்றம் கையினதன்று என்பதையும், அதனைத் தீர்க்கும் வழி யாது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணாடியின் கீழே, கண்ணுக்குப் புலனாகாத கடத்திக் கோடுகள் நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன. இரு கடத்திகளுக்கு இடையே காவலி ஒன்றை வைத்தால், அவ்வமைப்பு மின்னேற்றத்தைச் சேமிக்கும். அத்திறனே கொள்ளளவம் எனப்படும். நெடுக்குக் கோட்டில் மின்துடிப்பை அனுப்பி, குறுக்குக் கோட்டில் எவ்வளவு வந்து சேர்கின்றது எனக் கருவி இடையறாது அளக்கின்றது. மனித உடலோ நீரும் உப்பும் நிறைந்த கடத்தி. விரல் அணுகியதும் மின்புலத்தின் ஒரு பகுதி அதன்பால் சென்றுவிடும். வந்து சேரும் அளவு குறையும். குறைந்த இடமே தொட்ட இடம். இம்மாற்றம் பெரும்பாலும் ஒரு பிக்கோபரட்டிலும் சிறிது. பிக்கோபரட்டு என்பது பரட்டு என்னும் அலகின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு.

1965இல் இங்கிலாந்தின் மால்வேண் நகரில், அரச ராடர் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த ஈ. ஏ. ஜோன்சன், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கென இத்தகைய திரையை விவரித்தார். 1973இல் ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆய்வுநிலையத்தில் பெக், ஸ்டம்ப் என்னும் இருவர் தம் கட்டுப்பாட்டு அறைக்கான தொடுதிரையை வெளிப்படுத்தினர். அவை கூரையின் கீழ், உலர்ந்த கையோடு பணிபுரிவோர்க்காக அமைந்தவை. 2007இல் ஐபோன் வந்தபின்னரே இத்திரை பெருவழக்காகிப் படகிலும் வயலிலும் புகுந்தது. அங்கேதான் இரைச்சலை அது எதிர்கொண்டது.

ஈண்டு இரைச்சல் என்றது காதுக்குக் கேட்பதையன்று. அளவையைக் குழப்பும் வேண்டா மின்னலைவையே. மலிவான மின்னேற்றிகள் பலவற்றில் அதனை வடிக்கும் பாகங்கள் குறைவு. ஆதலால், தொலைபேசியின் மின்னழுத்தம் முழுவதும் புவியை நோக்க மேலுங் கீழும் ஆடும். அலையில் ஆடும் தோணியில் இருப்பவனுக்குக் களப்பில் நட்ட கம்பு ஆடுவதுபோலத் தோன்றுமன்றோ? அவ்வாறே, ஆடும் திரைக்கு, புவியோடு இணைந்து நிற்கும் விரலே ஆடுவதாகத் தோன்றுகின்றது. தொடும்பொழுது இக்குழப்பம் மிகுவதற்குக் காரணமும் இதுவே.

அப்படியாயின், திரையின் உணர்திறனைக் கூட்டினால் போதாதோ எனச் சிலர் வினவுவர். போதாது. கூர்மை வேறு, செம்மை வேறு. காதைக் கூர்மையாக்கினால் மாணவன் சொல்லும் விடையோடு வகுப்பின் ஆரவாரமும் உரத்தே கேட்கும். விடையையும் ஆரவாரத்தையும் பிரித்தறிவதே வேண்டுவது. அதற்குப் பொறியியலாளர் கையாளும் வழிகள் சில.

முதலாவது, பன்முறை அளந்து சராசரி காணல். ஒன்றோடொன்று தொடர்பற்ற இரைச்சலாயின், 16 முறை அளந்தால் அது நாலில் ஒன்றாகக் குறையும். ஆனால் அளவு பெருகப் பெருக விடை தாமதிக்கும். இரண்டாவது, அமைதியான மீடிறனைத் தெரிதல். கருவி தன் துடிப்பை நிறுத்திச் சூழலைச் செவிமடுத்து, இரைச்சல் குறைந்த மீடிறனுக்குத் தாவுகின்றது. மூன்றாவது, அயற்கோடுகளை ஒப்பிடல். எல்லாக் கோடுகளிலும் ஒருங்கே தோன்றும் ஆட்டம் விரலால் வந்ததன்று எனக் கழிக்கப்படும். நான்காவது, அடிநிலையைத் திருத்திக்கொண்டே வருதல். வெப்பமும் ஈரப்பதனும் மெல்ல மாறுவன. விரலோ சட்டென வருவது. ஐந்தாவது, தொடுகையை ஏற்க ஓரெல்லையும் விடுவிக்க அதனிற் குறைந்த வேறோரெல்லையும் வைத்தல். இதனால் எல்லையில் நின்று தடுமாறும் அளவை திரையைத் துள்ளவைக்காது.

நீர்த்துளியின் கதை வேறு. புவியோடு தொடர்பின்றித் தனித்துக் கிடக்கும் துளி, கோடுகளுக்கிடையிலான இணைப்பைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டுகின்றது. இத்தலைகீழ்க் குறியால் துளியை விரலினின்றும் வேறுபடுத்தலாம். ஆனால், உப்புநீர் பரவிக் கையோடு தொடர்ந்துவிட்டால் அது ஒரு பெருவிரல்போல் நடிக்கும். ஆகவே ஒவ்வொரு கோட்டையும் தனித்து அளந்து, இருவகை அளவைகளையும் ஒப்புநோக்கும் திரைகளும் உள. கச்சான் காற்றில் உலர்ந்த விரலிலும் வலைக்கயிற்றால் காய்த்த விரலிலும் தடித்த தோல் காவலிபோல் இடைநிற்பதால், அவற்றின் குறி மெலிந்துவிடுகின்றது.

பயன்படுத்துவோர் செய்யத்தக்கனவும் உள. திரையையும் விரலையும் உலர்ந்த துணியால் துடைக்க. திரை துள்ளினால் மின்னேற்றியைக் கழற்றுக. தரமான மின்னேற்றியையே வாங்குக. கையுறைக்கெனச் சில தொலைபேசிகளிலுள்ள தெரிவைக் காய்த்த விரலுக்கும் சோதித்துப் பார்க்க. கடலுக்குச் செல்வோர் பொத்தானுள்ள பழைய தொலைபேசி ஒன்றையும் உடன்கொண்டு செல்வது நன்று.

இதனைச் சிறு வசதிக் குறைவென்று தள்ளிவிடலாகாது. 1990 என்னும் அம்புலன்ஸ் இலக்கத்தை நடுங்கும் ஈரவிரலால் அழுத்துபவனுக்கு ஒவ்வோர் இலக்கமும் உயிராகும். நம் பழைய மாணவருட் பொறியியல் கற்றோர் பலர். அவர்கள் தாம் ஆக்கும் கருவிகளை ஆய்வுகூடத்து மெல்விரலால் மட்டுமன்றி, வலை இழுத்த கையாலும் சோதிப்பாராக. உழைத்த கையை அறியாத கருவியைக் கூரியது எனலாம்; செம்மையானது எனல் இயலாது.