நதியைத் தாண்டிய சபை

ஆஸ்திரேலியா என்றால் நம் வீடுகளில் கிரிக்கெட்டு நினைவுக்கு வரும். கொஞ்சம் பூகோளம் படித்தவர்களுக்குக் கோதுமையும் ஆட்டு ரோமமும் நினைவுக்கு வரும். அந்நாட்டின் பூர்வகுடி மக்களிடையே நதிக்கரைக் கிராமம் ஒன்றில் வளர்ந்த ஒரு சிறு கிறிஸ்தவ சபையின் கதையை நம்மவர்கள் அவ்வளவாக அறிய மாட்டார்கள். அச்சபையாருக்கு எழுத்தறிவித்தவர் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த ஓர் உபாத்தியாயர். நானும் சாக்குக்கட்டி பிடிக்கும் ஜாதியைச் சேர்ந்தவனாதலால், அவரிடம் எனக்குச் சற்று அதிகமான அபிமானம் இருக்கக்கூடும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

மரே நதி, நியூ சௌத் வேல்ஸ், விக்டோரியா என்ற இரு மாகாணங்களுக்கிடையே எல்லையாக ஓடுகிறது. மாகாணம் என்ற சொல்லே பிறவாத காலந்தொட்டு அதன் இரு கரைகளிலும் மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள் யோர்ட்டா யோர்ட்டா மக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு வந்து அந்நிலத்தை வளைத்துக்கொண்டார்கள். வேட்டை அருகியது, வியாதியும் சாராயமும் பெருகின. அருகிலிருந்த எச்சூக்கா நகரில் வியாபாரம் செய்து வந்த டேனியல் மாத்யூஸ் என்பவர் இதைக் கண்டு மனமிரங்கி, 1874-ஆம் வருஷம் மலோகா என்ற இடத்தில் ஒரு மிஷனை ஏற்படுத்தினார். அவரும் அவர் மனைவி ஜானெட்டும் பட்ட பாடு கொஞ்சமல்ல. நல்லவர்தாம், ஆனால் மகா கண்டிப்புக்காரர். உணவும் உடையும் தருகிறவருக்குக் கீழ்ப்படிதலையும் சேர்த்து எதிர்பார்க்கும் சுபாவம் எங்கும் உள்ளதுதானே!

1881-ஆம் வருஷத் தொடக்கத்தில், மெல்போர்ன் நகரையடுத்த பிரைட்டன் கடற்கரையில் மாத்யூஸ் நடத்திய பிரார்த்தனைக் கூட்டத்தில் ஓர் இளைஞர் அவரைச் சந்தித்தார். அவர் பெயர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ். 1859-இல் மொரீஷியஸ் தீவில் பிறந்தவர். பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லித் தரத் தாமே முன்வந்தார். சில நாள் இருந்து பார்க்கலாம் என்று வந்தவர் அல்லர் போலும். அம்மக்களிடையே பெண் கொண்டு, பிள்ளை குட்டிகளைப் பெற்று, 1922 வரையில் அவர்களுக்கு உபாத்தியாயராகவே இருந்துவிட்டார். பகலில் குழந்தைகளும், வேலை முடிந்து வந்த பெரியவர்களும் அவரிடம் படித்தார்கள். அப்படிப் படித்த பெரியவர்களுள் ஒருவர் வில்லியம் கூப்பர். ஜேம்ஸ் மணந்த ஏடா என்பவர் இவருடைய சகோதரி முறை.

எழுதப் படிக்கத் தெரிந்தவன் முதலில் என்ன எழுதுவான்? மலோகாவாசிகள் மகஜர் எழுதினார்கள். 1881-லேயே நாற்பத்திரண்டு ஆண்கள் ஒப்பமிட்டு, மாகாண கவர்னருக்கு ஒரு விண்ணப்பம் போயிற்று. எங்கள் எல்லைக்குட்பட்ட நிலம் முழுவதும் பிறர் வசமாயிற்று. எங்கள் உழைப்பால் நாங்கள் பிழைக்க நிலம் தர வேண்டும் என்பது அதன் சாரம். அவர்கள் கேட்டது தர்மமன்று, பூமி. 1883-இல் மலோகாவுக்கு அருகே 1,800 ஏக்கர் ஒதுக்கப்பட்டது.

அச்சமயத்தில்தான் மலோகாவில் பக்தி பெருக்கெடுத்தது. கூப்பரின் சகோதரர்கள் ஒவ்வொருவராக ஞானவழி சேர்ந்தார்கள். அவர் சேர்ந்தது 1884-இல். 1886-இல் அமெரிக்க நீக்ரோ பாடகர்களான ஃபிஸ்க் ஜூபிலி குழுவினர் அங்கே வந்து பாடினார்கள். அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களின் பாட்டை, நிலம் இழந்தவர்கள் கேட்டார்கள். பார்வோன் சேனை கடலில் அமிழ்ந்த கதையைப் பற்றிய ஒரு பாட்டு யோர்ட்டா யோர்ட்டா மொழியில் ஆக்கப்பட்டது; அதை மொழிபெயர்த்தவர் ஜேம்ஸ் என்றே அம்மக்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். ‘புரா ஃபெரா’ என்று வழங்கும் அது இன்றும் பாடப்படுகிறது. 2012-இல் ஒரு சினிமாவிலும் ஒலித்தது.

1888-இல் ஜனங்கள் மாத்யூஸின் கண்டிப்பை விட்டு, ஒதுக்கப்பட்ட நிலத்தில் எழுந்த புதிய கிராமத்துக்குப் பெயர்ந்தார்கள். கட்டடங்களையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். உபாத்தியாயரும் உடன் போனார். மாத்யூஸ் ஏறக்குறைய வெறிச்சோடிய மலோகாவில் நின்றார். அவருக்காகவும் சற்று வருந்தத்தான் வேண்டும். புதிய ஊரின் பெயர் கம்மரகஞ்சா. ‘எங்கள் வீடு’ என்று பொருள் கூறுவார்கள். காட்டை வெட்டிக் கழனியாக்கினார்கள். கோதுமை விளைந்தது. சில குடும்பங்களுக்குத் தனித்தனி நிலமும் கிடைத்தது.

ஆனால் சர்க்காரின் பாதுகாப்பு போர்டு அந்தத் தனி நிலங்களை இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளிலேயே திரும்பப் பிடுங்கிக்கொண்டது. திருத்திய கை ஒன்று, அனுபவித்த கை வேறொன்று! பின்னர் வந்த சட்டங்கள் யார் ஊரில் இருக்கலாம், யார் வெளியேற வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைப் போர்டுக்குக் கொடுத்தன. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போகவும் இடமளித்தன. ‘பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் பாருங்கள்!

1939-ஆம் வருஷம் பிப்ரவரி 4-ந் தேதி, போதாத உணவும் பொறுக்க முடியாத நிர்வாகமும் சலித்துப்போய், நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் ஊரைத் துறந்து, மரே நதியைத் தாண்டி விக்டோரியா பக்கம் பார்மா என்ற இடத்தில் கூடாரமடித்தார்கள். நதிக்கு அப்பால் போர்டின் அதிகாரம் செல்லாது. பார்வோன் பாட்டைப் பாடி வளர்ந்தவர்களுக்கு நதியைத் தாண்டுவதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியிருந்திராது. பலர் திரும்பவே இல்லை.

கூப்பர் அதற்கு முன்பே மெல்போர்னில் குடியேறி, பூர்வகுடிகளுக்குப் பார்லிமெண்டில் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று இங்கிலாந்து மன்னருக்கு ஒரு மகஜர் தயாரித்திருந்தார். அதில் ஒப்பமிட்டவர்கள் 1,814 பேர். ஆஸ்திரேலிய சர்க்கார் அதை மன்னருக்கு அனுப்பவேயில்லை. 1938 டிசம்பரில், ஜெர்மனியில் யூதர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கண்டித்து ஒரு தூதுக்குழுவுடன் ஜெர்மன் தூதரகத்துக்குச் சென்றவரும் இவரே. தம் ஜனங்களின் குறையே தீராதவர் பிறர் துன்பத்துக்காக நடந்தார். கம்மரகஞ்சாவில் பிறந்து ஜேம்ஸிடம் படித்த டக்ளஸ் நிக்கோல்ஸ் போதகரானார். 1976-இல் தென் ஆஸ்திரேலியாவின் கவர்னராகவும் ஆனார்.

உபாத்தியாயர் ஜேம்ஸ் 1946-இல் காலமானார். கம்மரகஞ்சா நிலம் யோர்ட்டா யோர்ட்டா மக்களின் சபைக்கே உரிமையாக ஒப்படைக்கப்பட்டது 1980-களில். 1941-இல் மறைந்த கூப்பரின் உடலை நதியின் மறு கரையிலிருந்து கொண்டுவந்து, கம்மரகஞ்சாவின் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள்.