வீட்டுக்கு வாங்கும் கல் சூழலுக்கு நல்லதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

சிமென்ட் மூட்டையிலோ கல்லிலோ 'பசுமை' என்று அச்சிட்டிருந்தால் நம்பிவிடலாமா? அது போதாது. அந்தப் பொருளின் முழு வரலாற்றையும் விசாரியுங்கள்.

ஒரு சட்டி சாம்பாரின் செலவை எப்படிக் கணக்கிடுவீர்கள்? பருப்பின் விலையோடு அடுப்பு எரிந்த நேரம், காய் வந்த தூரம், மிஞ்சி வீணானது எல்லாம் சேரும். கட்டுமானப் பொருளுக்கும் இதே கணக்குதான்.

முதலில் சூடு. சூளைச் செங்கல் சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் வேகிறது. சிமென்ட் உலையில் சூடு 1,450 டிகிரியைத் தொடும். அங்கே எரிபொருள் புகை மட்டுமா? சுண்ணாம்புக்கல்லுக்குள் பூட்டிக்கிடந்த கரியமில வாயுவும் வெளியேறுகிறது. சிமென்ட் தயாரிப்பில் வெளிவரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் கல்லிலிருந்தே வருகிறது!

ஆரோவில்லில் பல கட்டடங்களுக்குப் பயன்பட்ட அழுத்திய மண்கல்லுக்குச் சூளையே வேண்டாம். மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, ஈரம் காயாமல் வைத்திருந்தால் இறுகிவிடும்.

அடுத்தது தூரம். அதே மண்கல்லை வெகுதொலைவிலிருந்து லாரியில் கொண்டுவந்தால், சூளையில் மிச்சமானதில் ஒரு பங்கு டீசலாகப் போய்விடும்.

மூன்றாவது ஆயுள். சீக்கிரம் பழுதாகும் பொருளைத் திரும்பத் திரும்பத் தயாரிக்க வேண்டும்.

கடைசியாக, இடித்த பிறகு என்ன ஆகும்? சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல்லைப் பிரித்து மறுபடி பயன்படுத்தலாம். சிமென்ட் கலவையில் கட்டியதை உடையாமல் பிரிப்பது கடினம்.

எனவே வாங்கும் முன் கேளுங்கள்: எவ்வளவு சூட்டில் வெந்தது? எங்கிருந்து வந்தது? எத்தனை ஆண்டு உழைக்கும்? பிறகு எங்கே போகும்? நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.