பந்தைத் தொடாத ஆட்டக்காரரை எடைபோடுவது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல், கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டை ஆண்டுதோறும் ஏப்ரலில் நடத்துகிறது. 2013ஆம் ஆண்டு டிராஃப்டில் முதல் நான்கு பேரில் மூவர் ‘டேக்கிள்’ என்ற ஒரே இடத்தில் ஆடுபவர்கள். முதலாவதாக மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எரிக் ஃபிஷரைக் கன்சாஸ் சிட்டி அணி எடுத்தது. இரண்டாவதாக டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் லூக் ஜோக்கலை ஜாக்சன்வில் எடுத்தது. நான்காவதாக ஓக்லஹோமாவின் லேன் ஜான்சன் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார்.

மூவரில் ஜோக்கலை நம்பி எடுக்கலாம் என்றே பலரும் பேசினார்கள். ஜான்சனின் கதை வேறு. பள்ளியில் பந்தெறியும் குவார்ட்டர்பேக்; அதன்பின் வேறு இடங்களில் எல்லாம் ஆடிப் பார்த்துவிட்டு, கல்லூரியின் கடைசி இரண்டு பருவங்களில்தான் டேக்கிள் ஆனார். நடந்தது என்ன? ஜோக்கல் நான்கே ஆண்டுகளில் ஜாக்சன்வில்லை விட்டு வெளியேறினார். ஃபிஷர் தொடக்கத்தில் தடுமாறி, பிறகு நிலைபெற்று, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற அணியில் இடம்பெற்றார். ஜான்சன் தம் தலைமுறையின் மிகச் சிறந்த வலது டேக்கிள்களில் ஒருவர் என்று பெயரெடுத்தார். இரண்டு சூப்பர் பவுல் வென்றார்.

32 அணிகள். ஒவ்வொன்றிலும் ஆண்டு முழுவதும் கல்லூரி கல்லூரியாக அலைந்து ஆள் பார்க்கும் ‘ஸ்கவுட்’ கூட்டம் ஒன்று உண்டு. ஒரே இடத்தில் ஆடும் மூன்று பேரை அவர்களால் ஏன் சரியாக வரிசைப்படுத்த முடியவில்லை? அந்த இடத்தின் இயல்பைப் பார்த்தால் விடை பாதி கிடைத்துவிடும்.

அதற்கு முன் டிராஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே ஐபிஎல் ஏலம்போலப் பணம் பேசாது. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை, அதைவிடக் கொஞ்சம் தேறிய அணிக்கு அடுத்தது என்று ஏழு சுற்றுகள் நடக்கும். முதல் சுற்றில் எடுத்த ஆள் சொதப்பினால் அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

அஃபென்ஸிவ் லைன் என்பது பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசை. ஐந்து பேர். ஒவ்வொருவரும் ஏறக்குறைய 140 கிலோ. நடுவில் நிற்பவர் சென்டர். பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர் அவர். அவருக்கு இருபுறமும் கார்ட் இருவர், ஓரங்களில் டேக்கிள் இருவர். சென்டரின் அந்த ஒரு தள்ளலை விட்டால் இந்த ஐவரும் பந்தைத் தொடுவது அரிது; முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க விதியே இவர்களை அனுமதிப்பதில்லை. சக வீரர் பந்தோடு ஓடும்போது வழி திறப்பதும், குவார்ட்டர்பேக் பந்தெறியும்போது அவரைச் சுற்றி அரண் கட்டுவதும் இவர்கள் வேலை. அரண் இரண்டரை, மூன்று விநாடி நின்றாலே போதும். ஆனால் அந்த மூன்று விநாடிக்குள் எதிரே வருபவர், 120 கிலோ எடையில் ஓட்டப் பந்தய வீரனின் முதல் அடியோடு பாய்கிறவர்.

மற்ற வீரர்களுக்கெல்லாம் கணக்கு உண்டு. எத்தனை யார்டு எறிந்தார், எத்தனை பந்து பிடித்தார், எத்தனை முறை எதிரியை வீழ்த்தினார் என்று பக்கம் பக்கமாகப் புள்ளிவிவரம் இருக்கும். இந்த முன்வரிசையில் ஆடும் லைன்மேனுக்கு அப்படி எதுவும் கிடையாது. இவரைத் தாண்டி வந்து குவார்ட்டர்பேக்கை எத்தனை முறை வீழ்த்தினார்கள் என்று சில நிறுவனங்கள் கணக்குப் போடுகின்றன. அதிலும் சிக்கல் உண்டு. அந்த ஓட்டையை அடைக்க வேண்டியவர் டேக்கிளா, பக்கத்து கார்டா, பந்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்த குவார்ட்டர்பேக்கின் பிழையா என்பது அணியின் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். வெளியிலிருந்து போடுகிற மதிப்பெண் எல்லாம் ஓரளவு ஊகம்தான்.

எண் இல்லாத இடத்தில் அளவுநாடா நுழைந்துவிடுகிறது.

கை எவ்வளவு நீளம்?

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி இறுதியில் இண்டியானாபொலிஸ் நகரில் ‘காம்பைன்’ நடக்கும். முந்நூற்றுச் சொச்சம் கல்லூரி வீரர்களை அங்கே வரவழைத்து எடை, உயரம், விரித்த கையின் அகலம், கை நீளம் எல்லாம் அளப்பார்கள். கை நீளம் என்பது தோள்பட்டை எலும்பிலிருந்து நடுவிரல் நுனி வரை. டேக்கிளுக்கு 34 அங்குலம் இருந்தால் நிம்மதி. 33க்குக் கீழே போனால் முணுமுணுப்பு ஆரம்பம்.

2025 காம்பைனில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இடது டேக்கிள் வில் கேம்ப்பெல்லின் கை 32⅝ அங்குலம் என்று பதிவானது. முதலாண்டு மாணவராக வந்த நாளிலிருந்து மூன்று பருவமும் இடது ஓரத்தில் நின்றவர் அவர். பின்னர் அவருடைய பல்கலைக்கழகத்திலேயே நடந்த சோதனையில் அதே கை 33 அங்குலம் ஆனது. எட்டில் மூன்று பங்கு அங்குலம், அதாவது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத வித்தியாசத்தை வைத்து வாரக்கணக்கில் விவாதம் ஓடியது. கூத்துதான். ஆனால் அதன் அடியில் உண்மையான ஒரு காரணமும் இருக்கிறது.

ஓரத்தில் நிற்கும் டேக்கிள் பின்னோக்கிச் சறுக்கியபடியே, வெளிப்புறமாக வளைந்து ஓடி வருபவரைத் தடுக்க வேண்டும். இருவரில் யாருடைய கை முதலில் மற்றவரின் மார்பில் பதிகிறதோ அவர் கையில்தான் பிடி. கை குட்டையானவர் எட்டுவதற்காக இடுப்பை மடக்கி முன்னால் சாய்வார். சாய்ந்த நொடியில் சமநிலை போய்விடும். எதிரி அந்தக் கையைத் தட்டிவிட்டுக் கடந்துவிடலாம். பதறிப்போய் அவர் சட்டையைத் தோளுக்கு வெளியே பிடித்து இழுத்தால் ‘ஹோல்டிங்’ என்று பத்து யார்டு தண்டனை. கார்டின் இடம் நெருக்கடியானது. அங்கே எட்டிப் பிடிக்க வேண்டிய அவசியம் குறைவு. அதனால்தான் குட்டைக் கை டேக்கிள் என்றதும் ‘உள்ளே கார்டாகப் போடு’ என்கிறார்கள்.

அப்படிப் போட்டதில் வெற்றியும் உண்டு. நோட்டர்டேமில் டேக்கிளாக ஆடிய சாக் மார்ட்டினை 2014இல் டல்லஸ் எடுத்து கார்டாக்கியது. பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்கு அவர் ஒன்பது முறை தேர்வானார். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இன்னும் சுவையான ஒப்பீட்டைத் தருகிறது. ரஷான் ஸ்லேட்டருக்குக் கை 33 அங்குலம். அவருக்குப் பின் அதே கல்லூரியில் அதே இடது ஓரத்துக்கு வந்த பீட்டர் ஸ்கொரோன்ஸ்கிக்கு 32¼. 2021இல் 13ஆவதாக எடுக்கப்பட்ட ஸ்லேட்டர் சார்ஜர்ஸ் அணியின் இடது டேக்கிளாகி முதல் பருவத்திலேயே புரோ பவுல் போனார். 2023இல் 11ஆவதாக எடுக்கப்பட்ட ஸ்கொரோன்ஸ்கியை டென்னசி நேராகக் கார்டாகவே நிறுத்திவிட்டது.

இந்தக் கோட்பாட்டை உடைப்பவர் ஜோ தாமஸ். கை 32½ அங்குலம். 2007இல் கிளீவ்லாண்ட் அவரை மூன்றாவதாக எடுத்தது. டிராஃப்ட் மேடைக்குப் போகாமல் அன்று அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போயிருந்தார். அதன்பிறகு 10,363 ஆட்டத் துணுக்குகள் (சென்டர் பந்தைத் தள்ளித் தொடங்கும் ஒவ்வொன்றும் ஒரு துணுக்கு) தொடர்ச்சியாக, ஒன்றைக்கூடத் தவறவிடாமல் இடது ஓரத்தில் நின்றார். 2023இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். கை எட்டாத தூரத்துக்கு அவருடைய கால் எட்டிவிடும். எதிரி எங்கே வரப்போகிறாரோ அங்கே முன்கூட்டியே நிற்பவருக்குக் கையை நீட்ட வேண்டிய தேவையே குறைவு. ஆனால் ஒரு தாமஸைக் காட்டி எல்லாக் குட்டைக் கைகளுக்கும் வக்காலத்து வாங்க முடியாது.

கேம்ப்பெல்லை நியூ இங்கிலாந்து நான்காவதாக எடுத்து இடது டேக்கிளாகவே வைத்துக்கொண்டது. அவருடைய முதல் பருவத்திலேயே அணி சூப்பர் பவுல் வரை போனது. அங்கே சியாட்டிலிடம் தோற்றது. அன்று குவார்ட்டர்பேக் ஆறு முறை வீழ்த்தப்பட்டபோது கை நீளப் பேச்சு மறுபடி கிளம்பியது. ஒரே பருவத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதிவிட முடியாது. லைன்மேன் முதிர மூன்று ஆண்டாவது வேண்டும்.

காம்பைனில் பளு தூக்கும் சோதனை ஒன்றும் உண்டு. மல்லாந்து படுத்து 225 பவுண்டு, அதாவது 102 கிலோ, எத்தனை முறை தூக்குகிறார் என்று எண்ணுவார்கள். இதில் வேடிக்கை, கை குட்டையாக இருந்தால் பளு பயணிக்கும் தூரம் குறைவு, எண்ணிக்கை கூடும். ஒரு சோதனையில் குறையாக எழுதியது அடுத்த சோதனையில் உதவிக்கு வருகிறது. 40 யார்டு ஓட்டத்தையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். லைன்மேன் அவ்வளவு தூரம் ஓடும் சந்தர்ப்பம் அபூர்வம். அதில் முதல் பத்து யார்டு நேரம் மட்டும் பார்க்கத் தக்கது.

படத்தில் என்ன தெரிகிறது

உண்மையான வேலை ஆட்டப் படத்தில்தான். தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னால் ஓடும். ஸ்கவுட்கள் பார்ப்பது மைதானத்தின் கோடியில், உயரத்திலிருந்து எடுத்த படம். ஐந்து பேரின் கால்களும் முதுகும் அதில் தெளிவாகத் தெரியும்.

முதலில் கால். பின்னோக்கிச் சறுக்கும்போது இரு பாதங்களும் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றனவா? ஒட்டினால் அடுத்த தள்ளலில் விழுந்துவிடுவார். அடுத்தது வளைவு, இடுப்பிலிருந்தா முழங்காலிலிருந்தா என்று. முழங்காலை மடக்கித் தாழ்ந்து உட்காரத் தெரிந்தவரை எதிரி நேராக முட்டித் தள்ள முடியாது. இரண்டு அடி பின்வாங்கி ஊன்றிக்கொள்வார். இடுப்பில் மடிகிறவர் கல்லூரியில் வெறும் பலத்தால் ஒப்பேற்றியிருப்பார். தொழில்முறை லீக்கில் எதிரே இருப்பவருக்கும் அதே பலம் இருக்கும்.

பிறகு கண். எதிரணியின் இருவர் குறுக்கே மறுக்கே ஓடி இடம் மாற்றிக்கொள்ளும் தந்திரம் ஒன்று உண்டு. தம் ஆளைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, வருகிறவரை ஏற்றுக்கொள்ள வேண்டும். உடலால் எல்லாம் செய்யத் தெரிந்தும் இதில் அரை விநாடி தாமதிக்கும் இளைஞர்கள் ஏராளம்.

தேர்ந்த ஸ்கவுட், வென்ற காட்சிகளைவிடத் தோற்ற காட்சிகளில் அதிக நேரம் செலவிடுவார். எதிரி தாண்டிவிட்டார், அதன்பிறகு இவர் என்ன செய்கிறார்? திரும்பி, இடுப்பால் இடித்து, இன்னும் அரை விநாடி வாங்கித் தருகிறாரா, கையை விட்டுவிட்டு நிற்கிறாரா? எதிரே யார் நின்றார் என்பதும் முக்கியம். ஸ்லேட்டர் பெருந்தொற்று ஆண்டான 2020இல் ஆடவே இல்லை. ஆனால் 2019இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சேஸ் யங்கை அவர் சமாளித்த ஓர் ஆட்டம் போதுமானதாக இருந்தது. அந்த யங் அடுத்த டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்டவர்.

படத்துக்கும் ஓர் எல்லை உண்டு, எனக்குத் தெரிந்து பெரும்பாலான பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன. அந்தக் கல்லூரிப் பயிற்சியாளர் அவரிடம் என்ன கேட்டாரோ அது மட்டும்தான் படத்தில் இருக்கும். 2014இல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட கிரெக் ராபின்சன் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் எதிரிகளைப் புரட்டிப் போட்டவர். ஆனால் ஆபர்ன் பெரும்பாலும் பந்தோடு ஓடிய அணி. பின்னோக்கிச் சறுக்கிக் காவல் காக்கும் வேலை அவருக்கு அங்கே குறைவாகவே வந்தது. ராம்ஸ் அணி மூன்று பருவத்தில் அவரைக் கைவிட்டது. அதே ஆண்டு ஆறாவதாக எடுக்கப்பட்ட ஜேக் மேத்யூஸ் பத்தாண்டு கடந்தும் அட்லாண்டாவின் இடது ஓரத்தில் நின்றார்.

அணிகள் காம்பைனில் உண்மையில் பெரிதும் மதிப்பது மருத்துவப் பரிசோதனையைத்தான். முழங்கால், தோள், முதுகு ஆகியவற்றைப் பற்றி அணி மருத்துவர்கள் எழுதும் குறிப்பு வெளியே வருவதில்லை. டிராஃப்ட் நாளில் ஒருவர் திடீரென வரிசையில் சரிந்தால், தொலைக்காட்சி நிபுணர்கள் திகைப்பார்கள். காரணம் அந்தக் கோப்பில் இருக்கும்.

ஒருவரை எடுத்த பிறகு யாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்பதும் கணக்கில் சேர வேண்டும். 2011இல் ஆறாவது சுற்றில் 191ஆவதாக ஃபிலடெல்ஃபியா எடுத்த ஜேசன் கெல்சி, சென்டருக்கு மிகவும் ஒல்லி என்று ஒதுக்கப்பட்டவர். உதவித்தொகை இல்லாமல் சின்சினாட்டி பல்கலைக்கழக அணியில் சேர்ந்தவர். அப்போதைய லைன் பயிற்சியாளர் ஹோவர்ட் மட் வேகமான கால்களைத் தேடினார். கெல்சி ஆறு முறை லீக்கின் சிறந்த சென்டராகத் தேர்வானார்.

அதே அணி 2018இல் ஏழாவது சுற்றில், 233ஆவதாக, ஜோர்டன் மெயிலாட்டாவை எடுத்தது. சிட்னியில் பிறந்த சமோவா வம்சாவளி இளைஞர்; உயரம் ஆறடி எட்டங்குலம், எடை 157 கிலோ. ரக்பி லீக் ஆடியவர். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. மறு ஆண்டு முதல் சுற்றில் அதே அணி வேறோர் அணியோடு பேரம் பேசித் தேர்வு வரிசையில் முன்னேறி, 22ஆவதாக ஆண்ட்ரே டில்லார்டை எடுத்தது. பந்தெறிவதையே பிழைப்பாகக் கொண்ட மைக் லீச்சின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக அணியில் வளர்ந்தவர். பின்னோக்கிச் சறுக்குவதில் அந்த ஆண்டின் நேர்த்தியான கால்கள் அவருடையவை. எதிரியை முன்னால் தள்ளிக்கொண்டு போகும் வேலையை அந்தக் கல்லூரி அவரிடம் அதிகம் கேட்டதில்லை.

மெயிலாட்டாவை லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லாண்ட், எப்படி நிற்பது என்பதிலிருந்து தொடங்கிக் கற்றுக்கொடுத்தார். முதல் இரண்டு பருவம் முதுகு வலியில் போனது. 2020இல் டில்லார்ட் கைத்தசை கிழிந்து முழுப் பருவமும் வெளியே இருக்க, மெயிலாட்டா களம் இறங்கினார். 2021 பயிற்சி முகாமில் இடது டேக்கிள் இடத்துக்கு இருவரையும் போட்டியிட வைத்தார்கள். வென்றவர் மெயிலாட்டா, செப்டம்பரில் நான்கு ஆண்டுகளுக்கு 6.4 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2023இல் டில்லார்ட் வேறு அணிக்குப் போனார்.